இன்ஜின் வேலை புதுசு

"இன்ஜின் வேலை புதுசு சார். அஞ்சு வருஷத்துக்குக் கை வைக்க வேணாம்."

திருவண்ணாமலைப் பக்கம் பழைய கார் பார்க்கப் போனவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்பியவர்கள் குறைவு. எங்கள் குடும்பத்தில் இதை முதலில் கேட்டவர் என் சித்தப்பா. 1980-களின் பிற்பகுதி அது. திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்து ஊர். மாவட்டத் தலைநகர் வேலூர். தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30-இல்தான். டி.என். 25 என்று தொடங்கும் வண்டி எண்ணும் அப்போது கிடையாது. கடைசியாகக் கேட்டவள் என் தங்கை மகள், 2024-இல். இடைப்பட்ட காலத்தில் ஊர் மாநகராட்சியாகிவிட்டது, வண்டிகளும் அவற்றை விற்கும் விதமும் மாறிவிட்டன. விற்கிறவர் சொல்லும் வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது. வாங்குகிறவர் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் நிற்பதும் அப்படியேதான் இருக்கிறது. அன்று சோதிக்கும் கருவி கைக்கு எட்டவில்லை. இன்று கருவி இருக்கிறது, ஆனால் யாரும் அதை எடுப்பதில்லை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சித்தப்பாவுக்கு மல்லாட்டை மண்டி. மழை பொய்த்த இரண்டொரு பருவத்தில் மண்டி படுத்துவிட்டது. ஊரில் அவர் கண்ணுக்குப் பட்ட அடுத்த தொழில் வாடகைக் கார். ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை மீனம்பாக்கத்திலிருந்து கூட்டி வர வேண்டும், திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். கல்யாண முகூர்த்தங்கள் உண்டு. கார்த்திகைத் தீபம் உண்டு. பௌர்ணமி கிரிவலத்துக்கு அன்று இப்போதைய கூட்டம் கிடையாது. பதினான்கு கிலோமீட்டர் பாதையில் இரவில் ஆளரவமில்லாத இடங்கள்கூட இருந்தன. ஆனாலும் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏறுவதை மண்டி வாசலில் உட்கார்ந்தபடியே அவர் கணித்திருந்தார். 1990-களில் நடந்ததைப் பார்த்தால் அவர் கணக்கு சரிதான்.

எந்த வண்டி என்பதில் யோசனைக்கே இடமில்லை. மாருதி 800 வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் ஐந்து பேரையும் மேலே கேரியரில் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலை ஏற அம்பாசிடர்தான் வேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை அடியொற்றி, வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை தயாரான வண்டி அது. பெட்ரோல் இன்ஜின் 1,489 சி.சி., நான்கு சிலிண்டர். லேத் பட்டறை இருக்கும் எந்த ஊரிலும் அதைப் பிரித்து மாட்டிவிடலாம். அம்பாசிடரின் பெரிய பலம் அது. யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம் என்பதால், எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம் என்ற நிலையும் அதனாலேயே வந்தது.

வேலூர்ப் பக்கத்திலிருந்து புரோக்கர் ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வந்து நின்றபோதே இன்ஜின் சூடு. அதில் ஒரு சங்கதி உண்டு. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினைக் காலையில் முதல் முறை திருகும்போதுதான் அதன் நோயெல்லாம் வெளியே வரும். சூடாகிவிட்டால் உலோகம் விரிந்து இடைவெளிகள் சுருங்கும், தட்டல் சத்தம் அமுங்கும். கெட்டியான ஆயிலை ஊற்றி வைத்திருந்தால் இன்னும் அமுங்கும். பின்னால் நீலமாகக் கொஞ்சம் புகை வந்தது. சித்தப்பா அதைக் கவனித்துக் கேட்டார். புரோக்கரிடம் பதில் தயாராக இருந்தது: "புது ரிங் அண்ணே. உக்கார வேணாமா? ஆயிரம் கிலோமீட்டர் ஓட்னா தானா நிக்கும்."

இந்தப் பதிலில் பொய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் சொன்னது உண்மை. புதிதாகத் துளைத்த சிலிண்டரில் புது ரிங் போட்டால், இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்தும்வரை கொஞ்சம் ஆயில் மேலேறி எரியத்தான் செய்யும். அதனால்தான் அந்த நாளில் இன்ஜின் வேலை பார்த்த வண்டியின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டி, மெதுவாக ஓட்டுவார்கள். நன்றாகச் செய்த வேலையும் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் புகையலாம். மோசமாகச் செய்த வேலையும் புகையும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே புகைதான். அந்த ஆயிரம் கிலோமீட்டர் முடியும்போது புரோக்கரின் கமிஷன் செலவாகியிருக்கும், விற்றவர் முகவரியும் மாறியிருக்கும்.

நல்ல வேலை என்பது என்ன? ஓடி ஓடி சிலிண்டர் துளை தேயும்; ஒரே சீராகத் தேயாது. மேலே அதிகம், கீழே குறைவு. வட்டமாக இருந்தது முட்டை வடிவாகும். அதை மீண்டும் வட்டமாக்க லேத்காரர் நான்கு துளைகளையும் ஒரே அளவுக்குப் பெரிதாகக் குடைவார். இருபது சைஸ், நாற்பது சைஸ் என்று பட்டறையில் சொல்வார்கள்: இன்ச்சில் ஆயிரத்தில் இருபது, ஆயிரத்தில் நாற்பது. இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்றுக்குத் 'தௌ' என்று பெயர். மெல்லிய தலைமுடி ஒன்றின் தடிமன்தான் இரண்டு மூன்று தௌ. அந்த அளவுப் பிசகில் ஒரு இன்ஜின் வாழும், சாகும். குடைந்த துளைக்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். துளையின் சுவரைக் கண்ணாடிபோல் வழவழப்பாக விடாமல், ஆயில் தங்குவதற்குக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போட வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டைக் கிரைண்டிங் செய்தால், அதனுள்ளே ஓடும் ஆயில் துவாரங்களைக் கம்பி விட்டு, மண்ணெண்ணெய் அடித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். கடைசியில் ஹெட் போல்ட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, வரிசை பிசகாமல், அளவாக முறுக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட மூடிய இன்ஜினுக்கு வெளியே தெரியாது. செய்தவனின் மனசாட்சி மட்டுமே சாட்சி.

சித்தப்பா நம்பி வாங்கிய அந்த வண்டி ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் நின்றது. போளூர் தாண்டி மலை ஏறும்போது ஆயில் விளக்கு எரிந்தது, அடிவயிற்றிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தது. வாடகைக்கு வந்தவர்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, அம்பாசிடரை லாரியின் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள்.

ஊரில் எல்லோரும் பாய் என்று கூப்பிட்ட மெக்கானிக் ஒருவர் இருந்தார். இன்ஜினைப் பிரிக்கும்போது சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பேனரைத் தொடமாட்டார். சித்தப்பாவோடு நானும் நின்றேன். ஹெட்டைத் தூக்கியதும் பாய் பிஸ்டன்களின் தலையைத் துணியால் துடைத்தார். கரிக்குக் கீழே எண்கள் தெரிந்தன. கூடுதல் சைஸ் பிஸ்டனின் தலையில் அதன் அளவைக் குத்தியிருப்பார்கள். மூன்று பிஸ்டனில் ஒரே எண்; நான்காவதில் வேறு. ஒரு துளையை மட்டும் தனியாகக் குடைந்திருக்கிறார்கள். மற்ற மூன்றில் தேய்ந்த துளையிலேயே புது ரிங்கைத் தள்ளியிருக்கிறார்கள். ரிங்கைத் துளைக்குள் இறக்கி, வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜை விட்டுக் காட்டினார் பாய். துளையின் அகலம் ஒரு இன்ச்சுக்கு மூன்று நான்கு தௌ இருந்தால் போதும் என்பது கணக்கு. மூன்று இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவான அந்தத் துளையில் பத்து, பன்னிரண்டுக்குள் நிற்க வேண்டிய தகடு, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தும் ஆடியது.

அதைவிடக் கொடுமை கிராங்கில் இருந்தது. கிரைண்டிங் செய்திருந்தார்கள், புது பேரிங்கும் போட்டிருந்தார்கள். ஆனால் ஆயில் துவாரத்தைக் கழுவவில்லை. கிரைண்டிங்கில் விழுந்த இரும்புத்தூள் உள்ளேயே தங்கி, ஆயிலோடு சேர்ந்து ஓடி, புது பேரிங்கைச் சுரண்டித் தின்றிருந்தது. "புதுசுதான் போட்டிருக்கான். கழுவாம போட்டிருக்கான் சாமி," என்றார் பாய். மண்ணெண்ணெயும் அரைமணி நேரமும் இருந்திருந்தால் போதும், அதைத் தடுத்திருக்கலாம். யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அந்த அரைமணியை மிச்சம் பிடித்திருக்கிறார். அது எங்கள் சித்தியின் இரட்டைவடச் சங்கிலியாக அடகுக்கடைக்குப் போனது. கார்த்திகைத் தீபத்துக்கு ஊர் நிறையும் அந்த நாட்களில், வாடகை கொட்டும் நாட்களில், வண்டி ஷெட்டில் பிரிந்து கிடந்தது. சித்தப்பா மலையுச்சியில் எரிந்த தீபத்தைப் பாயின் ஷெட் வாசலில் நின்றுதான் கும்பிட்டார்.

பாய் நான்கு துளைகளையும் ஒரே சைஸுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு அளவையும் பழைய கணக்கு நோட்டில் எழுதி, அந்தத் தாளைக் கிழித்துச் சித்தப்பாவிடம் கொடுத்தார்; பழைய பிஸ்டன்களையும் கோணிப்பையில் போட்டுத் தந்தார். அந்த வண்டி பல வருஷம் எங்கள் வீட்டுச் சோற்றுக்கு ஓடியது. விற்கும்போது சித்தப்பா ஆர்.சி. புத்தகத்தோடு பாயின் தாளையும் சேர்த்துக் கொடுத்தார். வாங்கியவர் அந்தத் தாளைப் பார்த்த பிறகு இன்ஜினைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். தங்கை மகள் செங்கத்தில் ஆசிரியை. தினமும் போய்வர டீசல் வண்டி வேண்டும் என்றாள். புதிதாக வாங்கச் சின்ன டீசல் கார் சந்தையில் அரிதாகிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி உள்படச் சில கம்பெனிகள் சின்ன டீசல் இன்ஜினையே கைவிட்டன. இத்தாலியின் ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. டீசல் இன்ஜின் பல கம்பெனிகளின் வண்டிகளில் இந்தியா முழுக்க ஓடியது. அதற்கு இன்றும் கிராக்கி. பழைய வண்டிக்குத்தான் போக வேண்டும்.

வெளிச்சாலைகளில் வரிசையாக கார் கன்சல்டிங் கடைகள். கழுவிப் பளபளவென்று நிற்கும் வண்டிகளுக்குள்ளே ஊதுபத்தி வாசனை, ஸ்டியரிங்கில் புது உறை. ஆனால் காகித விஷயத்தில் காலம் உண்மையாகவே முன்னேறியிருக்கிறது, அதை மனதாரப் பாராட்ட வேண்டும். சித்தப்பா காலத்தில் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி நாலு கை மாறும். இன்று வண்டி எண்ணைப் போனில் தட்டினால் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை எல்லாம் வந்துவிடுகிறது. பெயர் மாற்றுவதில் அலட்சியம் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொன்னது: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு. 2023 ஏப்ரலிலிருந்து பழைய கார் வியாபாரிகளும் அனுமதிச் சான்று பெற வேண்டும், கடைக்கு வந்த வண்டியை யார், எதற்காக, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று மின்பதிவேடு வைக்க வேண்டும்.

தங்கை மகளுக்குக் காட்டிய வண்டியோடு ஒரு பரிசோதனை அறிக்கையும் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக். கண்ணாடி தூக்கும் பட்டன் இருந்தது, வைப்பர் ரப்பர் இருந்தது. இன்ஜினுக்கு நேரே "சத்தம் இயல்பு, கசிவு இல்லை" என்று இருந்தது. வாய்மொழியாகச் சேர்த்துச் சொன்னார்கள்: "இன்ஜின் வேலை புதுசு மேடம்." எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வருகிறோம் என்றாள். வெளியாள் இன்ஜினில் கை வைத்தால் கடை தரும் வாரண்டி போய்விடும் என்றார்கள். அவளும் அப்படியே வாங்கிவிட்டாள்.

கார்த்திகை பிறந்து காலைக் குளிர் வந்ததும் வண்டி தன் கதையைச் சொல்லத் தொடங்கியது. எடுத்தவுடன் பற்றவில்லை, பற்றியதும் வெள்ளைப் புகை, குலுக்கல். பாய் காலமாகிவிட்டார், ஷெட்டை அவர் மகன் நடத்துகிறார். அவர் முதலில் இன்ஜினைத் திறக்கவேயில்லை. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தார். சுருளின் அடியில் இருக்கும் நுனிப் பக்கத்தில் சேற்றுக் கோடு. சீட்டுக்கு அடியில் போல்ட் துரு. "மெட்ராஸ் வெள்ளத்து வண்டிக்கா," என்றார்.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்கள் ஏராளம். அவற்றில் எத்தனையோ எங்கள் ஊர்போன்ற ஊர்களுக்குப் பயணமாகியிருக்கின்றன. காரணம் எளிது. நீர் நிற்கும் தெருவில் வண்டியைக் கிளப்பினால் இன்ஜின் காற்றுக்குப் பதில் நீரை உறிஞ்சும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. மேலேறும் பிஸ்டன் நீரில் முட்டி நிற்க, அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். தனிச் சேர்க்கை எடுத்திராத சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் இந்த நஷ்டத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. பணம் வராதவர், கிடைத்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுகிறார். வாங்கியவர் குறைந்த செலவில் ஓடவைத்து, தண்ணீர் பார்க்காத ஊரில் விற்கிறார். இதைச் சின்னத் தந்திரம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. வெள்ளத்தில் ஒருவர் இழந்ததை, அந்த வெள்ளத்தையே பார்க்காத ஊரில் இன்னொருவர் தலையில் சத்தமில்லாமல் ஏற்றுவது இது.

பாயின் மகன் குளோ பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் அழுத்தமானியை மாட்டினார். ஒரு சிலிண்டரில் முள் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்து நின்றது. கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை. ரிங் குற்றமென்றால் ஏறியிருக்கும். அதே துவாரத்தில் விரல் தடிமன்கூட இல்லாத கேமராவை நுழைத்துப் போன் திரையில் காட்டினார். சிலிண்டர் சுவரின் உச்சியில் கரி வளையம் இருக்கும். பிஸ்டன் எதுவரை ஏறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த ஒரு சிலிண்டரில் வளையம் அகலமாக இருந்தது. பிஸ்டன் பழைய உயரத்துக்கு ஏறவில்லை. பிறகுதான் பிரித்தார். மொத்தமாக வளைந்த ஒரு ராடை மட்டும் மாற்றிவிட்டு, பக்கத்துச் சிலிண்டரில் லேசாக வளைந்ததை அப்படியே மாட்டியிருந்தார்கள். டீசல் இன்ஜினுக்கு நெருப்பு கிடைப்பதே அழுத்தத்தின் சூட்டிலிருந்துதான். அழுத்தம் குறைந்தால் குளிர்காலைக் காற்றில் டீசல் எரியாமல் வெள்ளையாக வெளியேறும்.

அந்தக் கேமரா இன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு வண்டியைப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் போதும். அன்று அது பாயின் கையில் கிடைத்திருந்தால் எங்கள் சித்தியின் சங்கிலி கழுத்தை விட்டு இறங்கியிருக்காது. இன்று கிடைக்கிறது, ஆனால் வைப்பர் ரப்பரைச் சோதிக்கும் அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. அரசுப் பதிவிலும் இல்லை. இன்ஜினையே மாற்றினால் எண் மாறும், பதிவு அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். அதே இன்ஜினைப் பிரித்துக் குடைந்து மாட்டினால் எங்கும் ஒரு வரி பதிவாவதில்லை. விமான இன்ஜினுக்கு ஒவ்வொரு பிரித்து மாட்டலும் பதிவேட்டில் ஏறுகிறது. இலங்கையில் ஜப்பான் வண்டி வாங்குகிறவர்கள், வண்டியின் நிலையைச் சொல்லும் ஏலத்தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். கடை முற்றத்தில் நிற்கும் காரை யார் டீக்கடை வரை ஓட்டினார் என்று பதிவு செய்யச் சொல்லும் நம் விதி, இன்ஜினை யார், எப்போது, எந்த சைஸுக்கு வேலை பார்த்தார் என்று ஒரு வரி கேட்கக்கூடாதா? பாய் கணக்கு நோட்டில் எழுதிய வரிகளைவிட அதிகமாக நான் எதையும் கேட்கவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்கிற மெக்கானிக்குகளுக்கும் அது வேண்டும். மோசமான வேலைக்கும் அவர்களுடைய வேலைக்கும் சந்தையில் இன்று ஒரே பெயர்.

தங்கை மகள் அறிக்கையையும் கேமராப் படங்களையும் இணைத்துக் கடைக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாகச் சொன்ன பிறகு செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். மீதியை அவளே போட்டாள். வேலை நடந்த நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஷெட்டில் நின்றாள். பாயின் மகனும் அப்படித்தான் நிற்கச் சொன்னார். ராடுகளின் நேர்த்தி, பிஸ்டனின் உயரம், பேரிங் இடைவெளி ஒவ்வொன்றையும் அளக்கும்போதே படம் எடுத்தாள்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் மாற்றக் கூப்பிட்டார். வடித்த ஆயிலைத் தட்டில் பரப்பி, அடியில் காந்தத்தை ஓட்டிப் பார்த்தார். பழைய ஃபில்டரின் தாளை மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் பிடித்தார். எங்கும் இரும்புத்தூள் இல்லை. தங்கை மகள் அதையும் படம் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, வண்டியின் காகிதங்களோடு சேர்த்து வைத்தாள்.